எத்தனை பேர் கடைசி நாள் வரை வந்தார்கள் என்று கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புற்றுநோய் பற்றி நாளிதழில் எது வந்தாலும் விடாமல் படிக்கிறவள் நான். புதிதாக ஒரு மாத்திரை, மரபணுவைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து, சோதனையில் இருக்கும் தடுப்பூசி என்று அடிக்கடி ஏதாவது ஒரு செய்தி வந்துவிடுகிறது. நல்ல விஷயம்தான், வரட்டும். ஆனால் ரேடியேஷன் பற்றி, அதாவது நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்கிற கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி, செய்தி வருவதே அபூர்வம். வந்தாலும் ஒரு அமைச்சர் ரிப்பன் வெட்டுகிற படமும், இத்தனை செலவில் நவீன கருவி என்று நாலு வரியும்தான். எந்த நாட்டுப் பத்திரிகையை எடுத்தாலும் ஏறக்குறைய இதே கதை. ஆறு மாதம் கழித்து அந்தக் கருவி ஓடுகிறதா, அதில் சிகிச்சை ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் கடைசி நாள் வரை வந்து முடித்தார்கள் என்று யாரும் திரும்பிப் போய்க் கேட்பதில்லை. ரேடியேஷன் டெக்னீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதைக் கேட்காமல் எத்தனை கருவி வாங்கிக் கொடுத்தாலும் ஏழை நாட்டுக்கும் பணக்கார நாட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் மூடாது.

முதலில் இந்தச் சிகிச்சை எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஏதோ கடைசிக் கட்டத்தில் வேறு வழியில்லாமல் கொடுப்பது என்று நினைக்கிறவர்கள் படித்தவர்களிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் ரேடியேஷன் தேவைப்படும். பிரிட்டனில் நீண்டகாலமாகச் சொல்லிவரும் ஒரு கணக்குப்படி, குணமாகிறவர்களில் 40 சதவீதம் பேருடைய சிகிச்சையில் ரேடியேஷனுக்குப் பங்கு இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு அடுத்த இடம் இதற்குத்தான், மருந்துகள் எல்லாம் அதற்கு அப்புறம். உலகத்தில் 2022-ல் மட்டும் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது, 97 லட்சம் பேர் இறந்தார்கள். 2050-ல் புதிதாக வருகிறவர்கள் மூன்றரைக் கோடியைத் தாண்டுவார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணித்திருக்கிறது. எண்ணிக்கை எத்தனை மடங்காகும் என்று பார்த்தால் அதிகம் அடிபடப் போவது ஏழை நாடுகள்தான்.

இப்போது கருவிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சர்வதேச அணுசக்தி முகமை 1959-லிருந்து உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் என்ன ரேடியேஷன் கருவி இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அதை வைத்துப் போட்ட கணக்கில், பணக்கார நாடுகளில் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் பேருக்கு ஒரு கருவி, நடுத்தர வருமான நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்று, ஏழை நாடுகளில் 50 லட்சம் பேருக்கு ஒன்று. 2022-ல் அதே முகமை ‘ரேஸ் ஆஃப் ஹோப்’ (நம்பிக்கைக் கதிர்கள்) என்ற திட்டத்தைத் தொடங்கியபோது ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே ஒரு கருவிகூட இல்லை. 2015-ல் லான்செட் ஆன்காலஜி இதழ் அமைத்த ஆணையம், மிக ஏழை நாடுகளில் தேவைப்படுகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இந்தச் சிகிச்சை எட்டுவதில்லை என்று எழுதியது. பத்தில் ஒன்பது பேர். காசநோய்க்கோ மலேரியாவுக்கோ இப்படி ஒரு கணக்கு வந்தால் உலகம் சும்மா இருக்குமா?

கருவி இல்லாத ஊரில் ஒரு நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதை எண்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன். மார்பில் சின்னக் கட்டி, ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். ரேடியேஷன் இருக்கிற இடத்தில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சம் இருக்கக்கூடிய செல்களைக் கதிர்வீச்சால் அழித்து, மார்பகத்தைக் காப்பாற்றிவிடலாம். பலனும் மார்பகத்தை முழுதாக எடுப்பதற்குச் சமம் என்று பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. கருவி இல்லாத இடத்தில் டாக்டருக்கு வேறு வழியில்லை, முழு மார்பகத்தையும் எடுத்துவிடுவார். நோய் என்னவோ ஒன்றுதான், எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள் என்பதும் ஒன்றுதான், அவள் எங்கே வாழ்கிறாள் என்பது அவள் உடம்பில் எதை இழக்க வேண்டும் என்று தீர்மானித்துவிடுகிறது. இது ஏழை நாட்டில் மட்டும் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளிலும் சிகிச்சை மையத்திலிருந்து தொலைவில் வசிக்கும் பெண்கள் முழு மார்பகத்தையும் எடுத்துவிடச் சம்மதிப்பது கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நிலைமை இன்னும் கொடுமை. 2022-ல் 6 லட்சத்து 60 ஆயிரம் பெண்களுக்கு இந்த நோய் வந்தது, மூன்றரை லட்சம் பேர் இறந்தார்கள், இறந்தவர்களில் 94 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். தடுப்பூசி இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, இரண்டும் அவசியம், உலக சுகாதார நிறுவனம் 2020-ல் இந்த நோயை ஒழிக்கத் திட்டமே அறிவித்திருக்கிறது. ஆனால் இன்றைக்குத் தடுப்பூசி போட்ட சிறுமிக்கு அதன் பலன் முழுதாகத் தெரிய இருபது முப்பது வருடம் ஆகும். இன்றைக்கே நோயோடு வந்து நிற்கிற அவளுடைய அம்மாவுக்கு என்ன செய்யப் போகிறோம்? நோய் கொஞ்சம் பரவிவிட்ட நிலையில் வருகிறவர்களுக்கு அறுவை சிகிச்சை பயன்படாது, வெளியிலிருந்து ரேடியேஷன், கூடவே வாரம் ஒரு முறை கீமோ, அப்புறம் கர்ப்பப்பைக்கு உள்ளேயே கதிர்வீச்சு மூலத்தை வைத்துக் கொடுக்கும் பிராக்கிதெரபி, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் குணம். இதில் கடைசியாகச் சொன்ன பிராக்கிதெரபியை விட்டுவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே குறைந்துவிடும். வெளிக் கருவி வாங்கிவிட்டுப் பிராக்கிதெரபியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற திட்டங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், புரண்டு படுக்க முடியாது, தும்மினால்கூட அலறுவார்கள். அந்த வலிக்கு எட்டு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு தடவை ரேடியேஷன் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் வலி குறைந்துவிடுகிறது. பத்துத் தடவை கொடுத்தாலும் கிடைப்பது ஏறக்குறைய அதே நிவாரணம்தான் என்று திரும்பத் திரும்ப நிரூபித்திருக்கிறார்கள். சிலருக்கு மறுபடி ஒரு தடவை தேவைப்படலாம், அவ்வளவுதான். ஒரே நாள், சில நிமிடம். அதுகூட இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் வலியோடு சாகிறார்கள், அவர்களில் பலருக்கு மார்ஃபினும் கிடைப்பதில்லை.

சரி, கருவி வாங்கிக் கொடுத்தால் முடிந்ததா? உகாண்டாவைப் பாருங்கள். தலைநகர் கம்பாலாவில் முலாகோ ஆஸ்பத்திரியில் 1995-ல் வந்த ஒரு கோபால்ட் கருவி, அதாவது கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருளை உள்ளே வைத்து ஓடும் கருவி, இருந்தது. நாட்டுக்கே ஒன்றுதான், பக்கத்து நாடுகளிலிருந்தும் நோயாளிகள் அதைத் தேடித்தான் வந்தார்கள். இருபது வருடம் அதை வைத்து ஓட்டினார்கள். 2016-ல் அது சரிசெய்ய முடியாத அளவுக்குப் பழுதானது. புதிய கருவி வந்து சிகிச்சை மறுபடி தொடங்கியது 2018 ஜனவரியில். நடுவில் இருந்த காலத்தில் நைரோபியில் ஒரு ஆஸ்பத்திரி 400 பேருக்கு இலவசமாகச் சிகிச்சை கொடுக்க முன்வந்தது, அது பெரிய மனசுதான். ஆனால் பல வாரம் வேறு நாட்டில் தங்கிச் சிகிச்சை எடுக்க எத்தனை பேரால் முடியும்? எத்தியோப்பியாவில் ஏறத்தாழ பத்துக் கோடி மக்களுக்கு அடிஸ் அபாபாவின் ஒரே ஒரு ஆஸ்பத்திரிதான் பல வருடம் கதி. அங்கே வரிசையில் காத்திருந்த மாதங்களில் குணப்படுத்தக்கூடிய நோய் குணப்படுத்த முடியாத நோயாக மாறியதை அங்கேயுள்ள டாக்டர்களே வெளியே சொன்னார்கள். தாமதம் என்ன செய்யும் என்பதற்கு 2020-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறக்கும் ஆபத்து சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்பது அதன் சாரம்.

ஆரம்பிக்கத் தாமதமாவது ஒரு பக்கம், ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிற்பது இன்னும் மோசம். இதை வெளியில் இருப்பவர்கள் உணர்வதே இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தொண்டையிலோ வாயிலோ புற்றுநோய் வந்தவருக்கு முதல் நாள் ஒரு முகமூடி செய்வோம். வலை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, வெந்நீரில் போட்டால் துணி மாதிரி குழையும், அதை எடுத்து நோயாளியின் முகத்தில் வைத்து அழுத்தினால் மூக்கு, தாடை, நெற்றி எல்லாவற்றின் வடிவத்தையும் பிடித்துக்கொண்டு சில நிமிடத்தில் கெட்டியாகிவிடும். தினமும் அதே முகமூடியை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டி, அதில் போட்ட கோட்டை லேசர் வெளிச்சத்தோடு பொருத்தித்தான் கதிர்வீச்சைக் கொடுப்போம், சில மில்லிமீட்டர்கூட நகரக்கூடாது. வாரத்தில் ஐந்து நாள், ஆறேழு வாரம். மூன்றாவது வாரத்தில் வாய் புண்ணாகும், விழுங்க முடியாது, எடை இறங்கும். அதனால் முகமூடி தளர்ந்துபோய் வேறு செய்ய வேண்டிவரும். அதையும் பொறுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த நேரத்தில் கருவி நின்றுவிட்டது, உதிரிபாகம் வரவேண்டும், போய்விட்டு நாங்கள் கூப்பிடும்போது வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும். பெயர் எழுதிய முகமூடிகள் அலமாரியில் வரிசையாகத் தொங்கும். அவர்கள் வீட்டில் இருக்கிற நாட்களில் மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பித்துவிடும். தலை, கழுத்துப் புற்றுநோயிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் சிகிச்சைக் காலம் ஒவ்வொரு நாள் நீளும்போதும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைகிறது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எல்லாச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும் என்று விதியே இருக்கிறது. இரண்டு வாரம் கருவி நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பதிவேட்டில் அந்த நோயாளி ‘சிகிச்சை பெற்றவர்’ கணக்கில்தான் வருவார்.

கருவி ஏன் நிற்கிறது என்பதும் மர்மம் ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பரவலாக இருக்கிற, மின்சாரத்தால் எலக்ட்ரான்களை வேகப்படுத்திக் கதிர்வீச்சு உண்டாக்கும் லினாக் கருவிக்குச் சீரான மின்சாரம் வேண்டும், குளிர்ந்த நீர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அறை வெப்பமும் ஈரப்பதமும் கட்டுக்குள் இருக்க வேண்டும், உள்ளே காற்றில்லாத வெற்றிடம் கெடாமல் இருக்க வேண்டும். கதிர்க்கற்றையைக் கட்டியின் வடிவத்துக்கு வெட்டுவதற்கு டங்ஸ்டன் தகடுகள் இருக்கின்றன, பல கருவிகளில் 120 தகடு, ஒவ்வொன்றுக்கும் குட்டியாக ஒரு மோட்டார். பிரிட்டன், நைஜீரியா, போட்ஸ்வானா ஆகிய மூன்று நாடுகளில் லினாக்குகள் ஏன் பழுதாகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்த ஒரு ஆய்வில், இந்தத் தகடுகளின் கோளாறு எல்லா இடத்திலும் அடிக்கடி வருவது தெரிந்தது. வெற்றிடம் சம்பந்தப்பட்ட கோளாறு ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளில் கூடுதல், பழுதானால் சரிசெய்ய எடுக்கும் காலமும் அங்கே பல மடங்கு. ஆக்ஸ்போர்டில் சில மணி நேரத்தில் பாகத்தை மாற்றிவிடுவார்கள், ஏழை நாட்டில் பாகம் விமானத்தில் வந்து, சுங்கத்தில் காத்திருந்து, அதைப் பொருத்தத் தெரிந்த எஞ்சினியர் வேறு நாட்டிலிருந்து விசா வாங்கி வரவேண்டும்.

இதில் விற்கிறவர்களின் பங்கையும் பேசாமல் விட முடியாது. உலகத்தில் லினாக் சந்தையின் மிகப் பெரும் பகுதி இரண்டே நிறுவனங்கள் கையில் இருக்கிறது, ஒன்று ஸ்வீடனின் எலெக்டா, இன்னொன்று 2021-ல் சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ் வாங்கிக்கொண்ட வேரியன். கருவி விலை ஒரு தடவைதான், அதற்கப்புறம் வருடா வருடம் பராமரிப்பு ஒப்பந்தம் என்று விலையில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் கட்ட வேண்டும். கருவியின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருடம் என்றால் கடைசியில் இன்னொரு கருவி வாங்குகிற அளவுக்குச் செலவாகியிருக்கும். நன்கொடை கொடுக்கிற நாடுகள் முதல் செலவை மட்டும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கின்றன. உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஒப்பந்தத்துக்குப் பணம் இல்லை, கருவி பூட்டிய அறைக்குள் கிடக்கும். பத்து வருடப் பராமரிப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காமல் யாரும் கருவி கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது என் கருத்து. இதைச் சொன்னால் ‘கிடைப்பதையும் கெடுக்கிறாயா’ என்பார்கள், அப்படியே இருக்கட்டும். உள்ளூர் எஞ்சினியருக்குப் பயிற்சியும் பழுது பார்க்கும் கையேடும் கடவுச்சொல்லும் கொடுப்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்க வேண்டும். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன், சில பல்கலைக்கழகங்கள், சர்வதேசப் புற்றுநோய் நிபுணர் குழு எல்லாம் சேர்ந்து ‘ஸ்டெல்லா’ என்ற பெயரில், மின்சாரமும் ஆட்களும் குறைவான இடத்திலும் தாக்குப்பிடிக்கிற லினாக்கை வடிவமைக்க முயன்று வருகிறார்கள். துகள் முடுக்கியில் உலகத்திலேயே பெரிய கில்லாடிகள் இந்தப் பிரச்சினைக்கு நேரம் ஒதுக்குவது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிற விஷயம்.

கோபால்ட் கருவி போதுமே என்று சிலர் கேட்பார்கள். 1951-ல் கனடாவில் பயன்பாட்டுக்கு வந்த பழைய தொழில்நுட்பம், மின்சாரம் குறைவாகப் போதும், கெட்டுப்போகிற பாகங்களும் குறைவு. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ கருவியை வியட்நாம் உள்ளிட்ட நாடுகளுக்குக் கொடுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். கோபால்ட்டைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஓடாத லினாக்கைவிட ஓடுகிற கோபால்ட் எவ்வளவோ மேல். ஆனால் கோபால்ட்-60-ன் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், 5.27 வருடம். மூலத்தை மாற்றாவிட்டால் ஐந்து வருடத்தில் ஒவ்வொரு நோயாளியும் மேசையில் கிடக்கிற நேரம் இரண்டு மடங்காகும், பத்து வருடத்தில் நாலு மடங்கு நெருங்கும், ஒரு நாளைக்குப் பார்க்க முடிகிற ஆட்களும் அந்த அளவுக்குக் குறைவார்கள். தேய்ந்த மூலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். பிரேசிலின் கோயானியாவில் 1987-ல் நடந்ததை மறக்கக்கூடாது. காலி செய்துவிட்டுப் போன ஒரு கிளினிக்கில் கைவிடப்பட்டிருந்த சீசியம் சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள், நீலமாக ஒளிர்ந்த தூளை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள், நாலு பேர் செத்தார்கள், 249 பேரிடம் கதிரியக்கம் ஒட்டியிருந்தது. அதனால் கோபால்ட் கொடுக்கிறவர்கள் மூலத்தைத் திருப்பி எடுக்கும் பொறுப்பையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே சமயம், பிராக்கிதெரபிக்கு கோபால்ட்தான் புத்திசாலித்தனமான தேர்வு என்பேன். வழக்கமாக வைக்கிற இரிடியம்-192-க்கு அரை ஆயுள் 74 நாள்தான், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை புதிது வாங்கியாக வேண்டும், ஒரு தவணை பணம் வரவில்லை என்றால் சிகிச்சை நின்றுபோகும். கோபால்ட் மூலமென்றால் ஐந்து வருடம் கவலையில்லை.

அப்புறம் ஆட்கள். ஒரு கருவிக்குக் கதிர்வீச்சு டாக்டர் வேண்டும், எவ்வளவு கதிர்வீச்சு எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டுச் சரிபார்க்க மருத்துவ இயற்பியலாளர் வேண்டும், தினமும் நோயாளியைப் படுக்கவைத்துக் கொடுக்க டெக்னீஷியன்கள் வேண்டும். ஒரு இயற்பியலாளர் தயாராகப் பல வருடம் பிடிக்கும், கட்டடம் கட்டும் காலத்தைவிட அதிகம். தயாரானவர் நல்ல சம்பளத்துக்கு வெளிநாடு போய்விடுகிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்த விஷயத்தில் உலகம் செய்திருக்கிற ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969-லிருந்து சின்னச் சின்ன அளவுமானிகளைத் தபாலில் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகின்றன. அவற்றின் மேல் குறிப்பிட்ட அளவு கதிர்வீச்சைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினால், ஆஸ்திரியாவில் இருக்கும் ஆய்வகத்தில் படித்துப் பார்த்து, நீங்கள் இரண்டு கிரே என்று நினைத்துக் கொடுத்தது உண்மையிலேயே இரண்டுதானா என்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு எளிமையான ஏற்பாடு, எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்! இதே வழியில் இப்போது டெக்சஸின் எம்.டி. ஆண்டர்சன் மையம், ஸ்கேன் படத்தை அனுப்பினால் கணினியே உறுப்புகளுக்குக் கோடு போட்டுத் சிகிச்சைத் திட்டம் தயாரித்துக் கொடுக்கிற மென்பொருளை ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளுக்காக உருவாக்கியிருக்கிறது. ஒரு டாக்டருக்குப் பல மணி நேரம் மிச்சமாகும். ஆனாலும் அதைச் சரிபார்க்க ஒரு மனிதர் அங்கே இருந்தாக வேண்டும்.

பணம் அதிகம் கேட்காத, நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று உண்டென்றால் அது நாட்களைக் குறைப்பதுதான். மார்பகப் புற்றுநோய்க்கு முன்பெல்லாம் ஐந்து வாரம் கொடுத்தோம், அப்புறம் மூன்று வாரமானது. பிரிட்டனில் 4,000 பேருக்கு மேல் சேர்ந்த ஒரு சோதனையின் முடிவு 2020-ல் வந்தது, ஒரே வாரத்தில் ஐந்து தடவை கொடுத்தாலும் ஐந்து வருடம் கழித்து நோய் திரும்புவது கூடவில்லை. தலை, கழுத்துப் புற்றுநோயில் அணுசக்தி முகமையே பத்து நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவை 2023-ல் அறிவித்தார்கள். 33 தடவைக்குப் பதில் 20 தடவை கொடுத்ததும் பலனில் பின்தங்கவில்லை. இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள், அதே கருவி, அதே ஆட்கள், அதே மின்சாரம், ஆனால் வரிசையில் நிற்கிற இன்னும் பலருக்கு இடம். நோயாளிக்கும் வேலை போகாது, வாடகை அறையில் வாரக்கணக்கில் தங்க வேண்டாம், கூட வருகிறவருக்கும் கூலி நஷ்டம் குறையும். சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் நோய்க்குப் பயந்து போகிறவர்கள் இல்லை, தங்க இடமும் பஸ் காசும் இல்லாமல் போகிறவர்கள், இது நான் கண்ணால் பார்த்தது. இவ்வளவு இருந்தும் பல நாடுகளில் குறுகிய சிகிச்சை பரவாமல் இருப்பதற்கு ஒரு காரணம் தடவைக் கணக்கில் பணம் கொடுப்பது. 25 தடவைக்குக் காசு வாங்குகிற ஆஸ்பத்திரி ஐந்து தடவையில் முடிக்க ஏன் ஆசைப்படும்? அரசும் காப்பீடும் முழுச் சிகிச்சைக்கு ஒரே தொகை என்று கொடுத்தால் இந்தச் சிக்கல் தீரும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்பார்கள். லான்செட் ஆணையம் 2015-லேயே கணக்குப் போட்டுவிட்டது. 2035 வரைக்கும் ஏழை, நடுத்தர வருமான நாடுகள் எல்லாவற்றிலும் இந்தச் சிகிச்சையைப் போதிய அளவுக்குக் கொண்டுவர 18,400 கோடி டாலர் ஆகும், சிக்கனமாகச் செய்தால் 9,700 கோடியில் முடியும். அதனால் மிச்சமாகும் ஆயுள் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் வருடங்கள், குணமானவர்கள் வேலைக்குத் திரும்புவதையும் சேர்த்துப் பார்த்தால் போட்டதைவிடக் கூடுதலாகவே திரும்ப வரும். தர்மம் என்று பார்க்காதவர்கள் முதலீடு என்றாவது பார்க்கலாம்.

எண்ணுகிற முறையை மாற்றினால் வேலை நடக்கும் என்பதற்கு எய்ட்ஸ் சிகிச்சையே சாட்சி. 2003-ல் உலக சுகாதார நிறுவனம், 2005-க்குள் ஏழை நாடுகளில் 30 லட்சம் பேர் மருந்து சாப்பிட வேண்டும் என்று இலக்கு வைத்தது. சொன்ன தேதிக்கு எட்டவில்லை, 2007 முடிவில்தான் எட்டினார்கள். ஆனால் எத்தனை கிளினிக் கட்டினோம் என்று எண்ணாமல் எத்தனை பேர் மருந்தில் இருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்ததால் நாடுகள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது, பணமும் வந்தது, மருந்து விலையும் விழுந்தது. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு 2002-லிருந்து உலக நிதியம் என்று ஒன்று இருக்கிறது, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அந்த அளவில் ஒன்றும் கிடையாது. ரேஸ் ஆஃப் ஹோப் மாதிரித் திட்டங்களை நான் மனதார வரவேற்கிறேன், ஆனால் அதில் எத்தனை கருவி அனுப்பினோம் என்பதோடு நிறுத்தாமல் ஒவ்வொரு கருவியும் வருடத்தில் எத்தனை நாள் ஓடியது, எத்தனை பேர் ஆரம்பித்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்துக்குள் முடித்தார்கள், பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பதையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இந்த விவரம் ஒவ்வொரு ரேடியேஷன் பிரிவிலும் ஏற்கனவே இருக்கிறது. தினமும் காலையில் கருவியைச் சோதித்ததும், யாருக்கு எத்தனாவது தடவை என்பதும் பதிவாகாமல் ஒரு நாளும் வேலை ஆரம்பிக்காது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆகவே உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எந்த நாட்டிலாவது, எந்த ஆஸ்பத்திரியிலாவது புதிய ரேடியேஷன் கருவித் திறப்பு விழாவுக்குப் போனால், பராமரிப்பு ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, பணம் யார் கட்டுகிறார்கள், இயற்பியலாளர் நியமனம் ஆகிவிட்டதா, பிராக்கிதெரபி உண்டா, தூரத்திலிருந்து வருகிற நோயாளிகள் எங்கே தங்குவார்கள் என்று அங்கேயே கேட்டு, பதிலையும் அச்சில் போடுங்கள். ஒரு வருடம் கழித்து அதே ஆஸ்பத்திரிக்கு மறுபடி போய், முடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு அதையும் போடுங்கள். பதில் தர மறுத்தால், மறுத்தார்கள் என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரேடியேஷன் டெக்னீஷியன், தங்கள் வாசகி